ட்ராக் ஃபிரேமுக்கு கிராங்க், பாட்டம் பிராக்கெட்: எதை முதல்ல முடிவு பண்றது?

புதுபெடல்

எல்லாருக்கும் வணக்கம். பழைய ஸ்டீல் ட்ராக் ஃபிரேம் (வெலோட்ரோம்ங்கற சாய்வான பந்தயத் தளத்துல ஓட்டறதுக்குன்னு செஞ்ச சைக்கிள் சட்டம்) ஒண்ணு கைக்கு வந்திருக்கு. பின்பக்க இடைவெளி 120 மி.மீ. பாட்டம் பிராக்கெட் (சுருக்கமா பி.பி., கிராங்க் சுத்தற அச்சும் பேரிங்கும்) உட்கார்ற ஷெல்லோட அகலத்தை அளந்தேன், 68. வீல் ரெண்டும் ரெடி. கூடவே ஒரு பழைய கிராங்க் செட்டும் (பெடல் மாட்டற கிராங்கும், முன்னாடி இருக்கற செயின்ரிங்ங்கற பல்சக்கரமும்) வந்துச்சு. நீளம் 165, செயின்ரிங்கைப் பிடிக்க அஞ்சு கை, அச்சு நுழைய சதுர ஓட்டை, 48 பல் செயின்ரிங். பின்னாடி இருந்த எழுத்தெல்லாம் தேய்ஞ்சு போச்சு, எந்தக் கம்பெனின்னே தெரியல.

நண்பர் ஒருத்தர், "சதுர அச்செல்லாம் தாத்தா காலத்து சமாச்சாரம், தூக்கிப் போட்டுட்டு 24 மி.மீ. அச்சு இருக்கிற கிராங்கா வாங்கு"ங்கறார். எனக்கு மனசு வரல, பார்க்க நல்லா பளபளன்னு இருக்கு. இதையே வச்சுக்கிட்டா எந்த நீள பி.பி. வாங்கணும்? இல்ல, நண்பர் சொல்றதுதான் சரியா?

கார்பன்காதலன்

உங்க நண்பர் சொல்றது சரிதான் ப்ரோ. ஃபிக்ஸ்டுல (பின்சக்கரம் சுத்தற வரைக்கும் பெடலும் சுத்திக்கிட்டே இருக்கற சைக்கிள்ல) நின்னு மிதிக்கறப்ப சதுர அச்சு முறுக்கிக்கறது காலுக்கே தெரியும். ஸ்ராம் ஓம்னியம் மாதிரி ஒண்ணு பாருங்க. அச்சு கிராங்கோட சேர்ந்தே வரும், பேரிங் ஷெல்லுக்கு வெளிய உட்காரும், ஒரே ஒரு போல்ட். 144 பி.சி.டி. (செயின்ரிங் போல்ட் ஓட்டைகள் அமைஞ்ச வட்டத்தோட விட்டம்), அதனால ட்ராக் செயின்ரிங் பெரும்பாலும் பொருந்தும். எந்த நீள பி.பி.ங்கற தலைவலியே கிடையாது. எழுத்து தேய்ஞ்ச கிராங்கை நம்பி எதுக்கு காலை வைக்கணும்?

மரைகழண்டவர்

தம்பி, நீங்க கேட்டது ரெண்டு கேள்வி. ரெண்டுக்கும் முன்னாடி நான் ஒண்ணு கேட்கறேன். உங்க பின்சக்கரத்தோட செயின்லைன், அதாவது சைக்கிளோட நடுக்கோட்டிலேருந்து செயின் ஓடற கோடு வரைக்கும் உள்ள தூரம், எவ்வளவு?

கிராங்க் அழகா இருக்கு, பிராண்டு நல்லா இருக்குன்னு அங்கேருந்து ஆரம்பிக்கறவங்கதான் கடைசியில மூணு பி.பி. வாங்கி மேஜை டிராயர்ல போட்டு வைக்கறவங்க. நானும் அந்த வம்சம்தான். கியர் மாத்தற சைக்கிள்ல செயின் எப்படியும் கோணலாத்தான் ஓடும், ஒரு மில்லி ரெண்டு மில்லி யாருக்கும் தெரியாது. ட்ராக் சைக்கிள்ல முன்னாடி ஒரு பல்சக்கரம், பின்னாடி ஒண்ணு, ரெண்டும் ஒரே கோட்டுல நிக்கறதுக்குன்னே பண்ணது. கோடு தப்பினா முதல்ல சத்தம் வரும். அப்புறம் பல்லோட ஒரு பக்கம் மட்டும் தேயும். ரொம்பத் தப்பினா செயின் கழண்டு விழும். ஃபிக்ஸ்டுல செயின் விழுந்தா காலால நிறுத்தற வேலை அந்த நொடியே போச்சு, செயின் இடையில சிக்கினா பின்சக்கரமே பூட்டிக்கும். சும்மா பயமுறுத்தலன்னு விழுந்தவங்களுக்குத் தெரியும்.

அளக்கறது சுலபம். பின்னாடி: ஹப்போட வலது லாக்நட் (ஃபிரேமை ஒட்டி நிக்கற நட்) முகத்துலேருந்து பல்சக்கரப் பல்லோட நடு வரைக்கும் அளங்க. 120-ல பாதி 60. அதுலேருந்து அளந்ததைக் கழிங்க. ட்ராக் ஹப்புன்னா பெரும்பாலும் 18 கிட்ட வரும், அதாவது செயின்லைன் 42. முன்னாடி: சீட் ட்யூப் விட்டம் ஸ்டீல்னா பெரும்பாலும் 28.6, அதுல பாதி 14.3. சீட் ட்யூபோட வலது விளிம்புலேருந்து செயின்ரிங் பல்லோட நடு வரைக்கும் எவ்வளவோ அதைக் கூட்டுங்க. 42 வேணும்னா அந்த அளவு 27.7 இருக்கணும். அவ்வளவுதான் கணக்கு.

இன்னொண்ணு மனசுல வச்சுக்குங்க. ரெண்டு பக்கமும் சமமா நீளற அச்சுல நீளத்தை 3 மில்லி கூட்டினா செயின்ரிங் 1.5 மில்லிதான் வெளிய வரும், மீதி 1.5 இடது பக்கம் போயிடும். 107-லேருந்து 113-க்குப் போனா 3 மில்லி.

கார்பன்காதலன் சொன்னதுல ஒண்ணு உண்மை. சேர்ந்தே வர்ற கிராங்குல அச்சு நீளம் பார்க்க வேண்டாம். ஆனா செயின்லைன் கம்பெனி வச்சதுதான், நகர்த்த இடம் கிடையாது. சரியா விழுந்தா சந்தோஷம். விழலைன்னா ஹப்பைத்தான் நோண்டணும்.

சாய்தளம்

கிராங்க் நீளத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 165 என்பது நல்ல நீளம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 172.5 வாங்கிவிடாதீர்கள்.

வெலோட்ரோமில் ஓட்டுகிறவனாகச் சொல்கிறேன். 250 மீட்டர் தளத்தின் வளைவுகள் 42 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும். வேகமாகப் போகும்போது சைக்கிளும் தளத்துக்குச் செங்குத்தாகச் சாய்ந்துகொள்ளும், பெடலுக்கு ஆபத்தில்லை. சிக்கல் மெதுவாகப் போகும்போதுதான். சைக்கிள் நிமிர்ந்து நிற்கும், வலப்பக்கம் தளம் மேலேறிக்கொண்டு வரும். நாங்கள் சுற்றுவது எப்போதும் இடஞ்சுழியாக, அதனால் உரசுவது வலது பெடல். முதல் மாதத்தில் எனக்கு உரசியது. சுண்ணாம்புக்கட்டி உடைவதுபோல் ஒரு சத்தம், பின்சக்கரம் ஒரு விரற்கடை தூக்கி வைத்தது. விழவில்லை. ஆனால் அன்று முழுக்கக் கை நடுங்கியது.

ட்ராக் ஃபிரேமில் பாட்டம் பிராக்கெட்டைச் சாலை சைக்கிளைவிட உயரமாக வைப்பதும், கிராங்கைக் குட்டையாக வைப்பதும் இதற்காகத்தான். சாலையில் ஃபிக்ஸ்டு ஓட்டினால் வளைவில் காலை நிறுத்தி உள்பக்கப் பெடலைத் தூக்கிக்கொள்ள முடியாது, அங்கும் இதே கதை. 165-க்கும் 170-க்கும் நெம்புபலத்தில் வித்தியாசம் 3 சதவீதம். அந்த 3 சதவீதத்தைப் பின்பல்லில் சரிசெய்துகொள்ளலாம், தளத்தில் உரசிய பெடலைச் சரிசெய்ய முடியாது.

இரவுச்சவாரி

சாய்தளம் சொன்ன அந்த சத்தம் எனக்கும் தெரியும், ரோட்டு வளைவுல கேட்டிருக்கேன்.

புதுபெடல், சதுர அச்சு வேண்டவே வேண்டாம்னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. ஆனா அதை மாட்டறதுக்கு மரியாதை வேணும். நான் சொந்த அனுபவத்துல சொல்றேன். டார்க் ரெஞ்ச் (இறுக்க அளவு காட்டற ஸ்பேனர்) இல்லாம, கைக்கு இறுக்கமா இருந்தா போதும்னு மாட்டினேன். நாலாவது நாள் ராத்திரி, பாதி வழியில இடது காலுக்குக் கீழ "டொக்". ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு டொக். வீட்டுக்கு இருபது நிமிஷம்தானேன்னு ஓட்டிட்டே வந்தேன். அந்த இருபது நிமிஷத்துல அலுமினியம் கிராங்கோட சதுர ஓட்டை வட்டமாயிடுச்சு. ஸ்டீல் அச்சு ஒண்ணும் ஆகாம அப்படியே சிரிச்சுட்டு இருந்துச்சு. கிராங்க் குப்பைக்கு.

அது ஏன் எப்பவும் இடது பக்கமே கழலுது? யாராவது சொல்லுங்க.

(இப்ப ஓட்டறது ஜே.ஐ.எஸ்.ங்கற ஜப்பான் அளவு கிராங்க், 107 பி.பி. அதுவும் லேசா கரகரன்னு ஆரம்பிச்சிருக்கு. அது தனி சோகம்.)

அரைமில்லி

இரவுச்சவாரி அக்கா, காரணம் இருக்கு. வலது காலோட பலம் கிராங்கிலேருந்து நேரா செயின்ரிங்குக்குப் போயிடுது, அச்சை முறுக்கறதில்ல. இடது காலோட பலம் மொத்தமும் அச்சு வழியா முறுக்கிட்டுத்தான் வலது பக்கம் வந்து சேரணும். வலது சதுரத்துக்கும் அந்த முறுக்கு வந்து சேரும்தான், ஆனா இடது சதுரம் முறுக்கையும் கால் அமுக்கற வளைப்பையும் ஒரே நேரத்துல தாங்கணும். ஃபிக்ஸ்டுல அது ரெண்டு திசையிலயும் நடக்கும். மிதிக்கறப்ப ஒரு பக்கம், காலால வேகத்தைக் குறைக்கறப்ப எதிர்ப்பக்கம். இறுக்கம் பத்தலைன்னா முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டியே கழட்டிடும். 35-லேருந்து 50 நியூட்டன் மீட்டர் வரைக்கும் இறுக்கச் சொல்றது அதுக்குத்தான். கை அளவுல "நல்லா இறுக்கமா" இருக்கறது பல நேரம் அதுல பாதிகூட வராது.

புதுபெடல்

மரைகழண்டவர் அண்ணே, அளந்துட்டேன்! பின்னாடி லாக்நட்டிலேருந்து பல் நடு வரைக்கும் 18. அதாவது நீங்க சொன்ன மாதிரியே 42.

ஆனா ஒரு அவசரக்குடுக்கைத்தனம் பண்ணிட்டேன். இங்க பதில் வர்றதுக்குள்ள, ட்ராக் கிராங்குக்கெல்லாம் 107 தான்னு எங்கயோ படிச்சு ஒரு 107 கார்ட்ரிட்ஜ் பி.பி. வாங்கி மாட்டிட்டேன். கிராங்கையும் 40-ல இறுக்கியாச்சு. இப்ப முன்னாடி அளந்தா சீட் ட்யூப் விளிம்பிலேருந்து செயின்ரிங் பல் நடு வரைக்கும் 32. கூட 14.3. மொத்தம் 46.3! நாலு மில்லிக்கு மேல வெளிய நிக்குது. மேலேருந்து பார்த்தாலே செயின் கோணலா தெரியுது. நான் அளந்தது தப்பா, ஃபிரேம் கோணலா?

கார்பன்காதலன்

சொன்னேன்ல :) 103 போட்டுப் பாருங்க. இல்லைன்னா ஓம்னியம்.

அரைமில்லி

103 வாங்காதீங்க, அவசரப்படாதீங்க. அளவும் சரி, ஃபிரேமும் சரியாத்தான் இருக்கும். 46.3 கழித்தல் 42, 4.3. அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்கு மணி அடிச்சிடுச்சு.

சதுர அச்சுல ரெண்டு ஜாதி இருக்கு. ஜப்பான் அளவான ஜே.ஐ.எஸ்., சர்வதேச அளவான ஐ.எஸ்.ஓ. ரெண்டுக்கும் சரிவு அதே 2 டிகிரிதான், கண்ணால பார்த்தா ரெண்டும் ஒண்ணு. ஆனா ஐ.எஸ்.ஓ. அச்சோட நுனி கொஞ்சம் மெலிசு. அதுக்குன்னு குடைஞ்ச கிராங்கை ஜே.ஐ.எஸ். அச்சுல மாட்டினா முழுசா ஏறாது, சுமார் 4.5 மில்லி வெளியவே நின்னுடும். கணக்கு வேணும்னா, ரெண்டு முகமும் 2 டிகிரி சரிஞ்சா ஒரு மில்லி உள்ளே போக அச்சோட தடிமன் 0.07 மில்லி கூடும். அப்ப 4.5 மில்லிக்கு 0.3 மில்லிதான். அந்த 0.3 மில்லிதான் உங்க செயினைக் கோணலாக்குது.

நிச்சயப்படுத்திக்க ஒரு வழி சொல்றேன். கிராங்க் இறுக்கமா இருக்கும்போதே போல்ட்டை மட்டும் கழட்டுங்க, கிராங்க் அசையாது. உள்ளே போல்ட் தலை உட்கார்ற முகத்திலேருந்து அச்சு நுனி எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு காலிப்பரோட பின்வாலை விட்டு அளங்க. பொருத்தமான ஜோடின்னா ரெண்டு மில்லி கிட்ட இருக்கும். ரொம்ப ஆழமா இருந்தா உங்க கிராங்க் ஐ.எஸ்.ஓ., பி.பி. ஜே.ஐ.எஸ்.

103 போட்டா என்ன ஆகும்? ஒரு பக்கத்துக்கு 2 மில்லி உள்ளே வரும், 44.3. அப்பவும் கோணல்தான். கிராங்க் அதே முழுசா ஏறாத நிலைதான்.

மரைகழண்டவர்

அரைமில்லி சரியான இடத்துல கை வச்சுட்டார். நானும் அதைத்தான் நினைச்சேன், ஆனா எண்ணைப் பார்க்காம சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்.

இதுக்கு நேர் எதிரான தப்பு இன்னும் மோசம். ஜே.ஐ.எஸ். கிராங்கை ஐ.எஸ்.ஓ. அச்சுல மாட்டினா அது பாட்டுக்கு உள்ள போய்க்கிட்டே இருக்கும். ஒரு கட்டத்துல போல்ட் போய் அச்சு நுனியில முட்டி நின்னுடும். ரெஞ்சுல இறுக்கம் காட்டும், கிராங்க் இறுகியிருக்காது. ஒருத்தர் அப்படி மாட்டிட்டு, "40 வச்சேன், டிக்குன்னு சத்தம் வந்துச்சு, ஆனாலும் ஆடுதே"ன்னு எங்கிட்ட கொண்டு வந்தார். கிராங்கைக் கழட்டிப் பார்த்தா அச்சு நுனியில போல்ட் வாஷரோட தடம் வட்டமா, காசு அச்சடிச்ச மாதிரி பதிஞ்சிருக்கு. அதனால முட்டுற இடம் எங்கன்னு ஒரு கண் வைக்கணும்.

எண்ணை மட்டும் பார்த்து வாங்கறதுல இதுதான் ஏமாத்து. காம்பக்னோலோ ரெக்கார்ட் பிஸ்டா கிராங்குக்கு 111 ஐ.எஸ்.ஓ. மீச்சே ப்ரிமாட்டோ பிஸ்டாவுக்கு 107 ஐ.எஸ்.ஓ. சுகினோ ஆர்.டி.2-க்கு 103 ஜே.ஐ.எஸ். மூணும் ட்ராக் கிராங்க்தான், மூணும் வந்து நிக்கறது 42 பக்கம்தான். 107ன்னு எங்கயோ படிச்சது பொய்யில்ல தம்பி, பாதி.

ஒண்ணு நேர்மையாச் சொல்லணும். ஐ.எஸ்.ஓ. கிராங்கை ஜே.ஐ.எஸ். அச்சுல வருஷக்கணக்கா ஓட்டறவங்க இருக்காங்க, சரிவு ஒண்ணுங்கறதால பிடிச்சு நிக்கும். ஆனா அச்சு முழுசா உள்ள இல்ல, போல்ட்டும் அவ்வளவு குறைவாத்தான் மரையில பிடிச்சிருக்கும். காலாலயே பிரேக் பிடிக்கற சைக்கிளுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

புதுபெடல்

6.5 மில்லி. ரெண்டு தடவை அளந்தேன். ரெண்டு பக்கமும் அதேதான்.

அரைமில்லி அண்ணா, நீங்க மந்திரவாதி. செயின்ரிங் போல்ட் ஓட்டையையும் அளந்தேன், பக்கத்து பக்கத்து ஓட்டை நடுவிலேருந்து நடு 84.6.

அரைமில்லி

84.6-ன்னா 144 பி.சி.டி. அஞ்சு கைக்கு 1.701-ஆல பெருக்கினா வந்துடும். 76.4 இருந்தா 130, 64.7-க்குக் கொஞ்சம் குறைவா இருந்தா 110. 144-ங்கறது இன்னிக்கு ட்ராக்குக்குன்னே இருக்கற அளவு. ஐ.எஸ்.ஓ.வும் சேர்ந்ததால, எழுத்து தேய்ஞ்சாலும் உங்க கிராங்க் நல்ல குடும்பத்துப் பிள்ளைதான். 107 ஐ.எஸ்.ஓ. வாங்குங்க. இப்ப 46.3-ல நிக்கறது 4.5 உள்ளே போனா 41.8.

கார்பன்காதலன்

சரி, செயின்லைன் விஷயத்துல தோத்துட்டேன். ஆனா விறைப்பு விஷயத்துல விட மாட்டேன். சதுர அச்சோட உடம்பு 17 மி.மீ. தடிமன், இப்ப வர்றது 24, சிலதுல 30. தடிமன் கூடக் கூட முறுக்கறது எவ்வளவு குறையும்னு படிச்சவங்களுக்குத் தெரியும். உலகப் போட்டியில ஸ்பிரிண்ட் ஓட்டறவன் எவனாவது சதுர அச்சு வச்சிருக்கானா?

சாய்தளம்

உலகப் போட்டியில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜப்பானின் கெய்ரின் எனும் ட்ராக் பந்தயங்களில், வழக்கமான ஆண்கள் பிரிவில், இருக்கிறது. அங்கே என்.ஜே.எஸ். எனும் ஒப்புதல் முத்திரை விழுந்த பாகங்களைத்தான் போட முடியும். ஸ்டீல் ஃபிரேம், சதுர அச்சு, குண்டுகளைக் கையால் அடுக்கிப் பூட்டும் கப். தொடை எங்கள் இடுப்பளவு இருப்பவர்கள் அதை மிதிக்கிறார்கள்.

விறைப்பு நல்லதுதான், யார் மறுத்தது? ஆனால் தடித்த அச்சுக்கு விலையும் உண்டு. ஷிமானோவின் டூரா-ஏஸ் 7600 ட்ராக் கிராங்க் சதுரம், அடுத்து வந்த 7710 ஆக்டாலிங்க் (எட்டுப் பள்ளம் வைத்த அச்சு). அச்சு பெருத்தது. ஆனால் அதே 68 ஷெல், அதே மரை, அதே உள்வட்டம். அச்சு எடுத்துக்கொண்ட இடம் போக மிச்சத்தில்தான் குண்டுகளை வைக்கணும், அதனால் குண்டுகள் சிறுத்தன. பேரிங்கை ஷெல்லுக்கு வெளியே தள்ளியதே இந்த இட நெருக்கடியால்தான். வெளியே வந்ததும் மழையும் மண்ணும் நேராக அதன் மேல். கூரை போட்ட வெலோட்ரோமில் மழை கிடையாது. மழையில் ஓட்டுகிறவருக்கு அது தெரியும்.

விசித்திரத்துக்கு ஒன்று சொல்கிறேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணி ஓட்டிய ஃபெல்ட் சைக்கிளில் செயினே இடது பக்கம். காற்றுக்காக அப்படி. அணித் துரத்தலில் (டீம் பர்சூட்) வெள்ளி வாங்கினார்கள். அதற்கென்று கிராங்கும் ஹப்பும் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. அரைமில்லி சொன்ன கணக்குப்படி பார்த்தால் அதில் அச்சை முறுக்குவது வலது கால்.

இரவுச்சவாரி

ஹா! அப்ப அவங்களுக்கு "டொக்" வலது காலுக்குக் கீழ.

கேட்டே தீரணும்: சதுர அச்சுல கிரீஸ் தடவலாமா கூடாதா?

மரைகழண்டவர்

ஆரம்பிச்சுட்டாங்கய்யா. இந்தக் கேள்விக்காகப் பல நட்பு முறிஞ்சிருக்கு.

சில கம்பெனி உலர்வா மாட்டுன்னு சொல்லும், சிலது மெல்லிசா தடவச் சொல்லும். உங்க கம்பெனி சொல்றதைக் கேளுங்கன்னு சொல்லிட்டு ஒதுங்கிடலாம், புதுபெடலுக்குத்தான் கம்பெனியே தெரியாதே. என் பழக்கம் இது: அச்சையும் ஓட்டையையும் துணியால நல்லாத் துடைக்கறது. விரல்ல கிரீஸ் தொட்டு அச்சுல ஒரு தேய், அதையும் துடைச்சுடறது. பார்த்தா இருக்கா இல்லையான்னு தெரியாத அளவு. போல்ட் மரைக்கும் வாஷருக்கும் மட்டும் தாராளமா. அதுல கிரீஸ் இல்லைன்னா நீங்க வைக்கற 40-ல இன்னும் அதிகம் உரசலுக்கே போயிடும். அச்சுல வழிய வழியத் தடவினா கிராங்க் ஒவ்வொரு தடவை கழட்டி மாட்டறப்பவும் இன்னும் கொஞ்சம் உள்ள ஏறும், ஓட்டை அகண்டுக்கிட்டே போகும். ஒரு துளி கிரீஸும் இல்லாம மாட்டினா சில கிராங்க் கிறீச் கிறீச்சுன்னு பாட ஆரம்பிக்கும்.

யாராவது மாற்றுக்கருத்து சொன்னா நான் சண்டைக்கு வரல.

அரைமில்லி

நான் உலர்வு கட்சி. சண்டைக்கு வரல.

புதுபெடல், பழைய பி.பி.யைக் கழட்டறப்ப ஒரு எச்சரிக்கை. 68 ஷெல் பெரும்பாலும் இங்கிலீஷ் மரை, வலது கப் தலைகீழ் மரை. எந்தப் பக்கம் சுத்தறதுன்னு குழம்பாம இருக்க நான் மனசுல வச்சிருக்கறது: ஸ்பேனரை மேல் நோக்கி நிக்கற மாதிரி மாட்டி, அதோட நுனியை முன்சக்கரம் பக்கம் தள்ளினா கழலும். ரெண்டு பக்கத்துக்கும் இதேதான். பெடலுக்கு இதுக்கு நேர் எதிர்.

ஷெல் 70 இருந்தா இத்தாலியன் மரை, ரெண்டு பக்கமும் நேர் மரை. அதுல வலது கப்தான் மெல்ல மெல்லக் கழலும். பேரிங் குண்டு உருள்றப்ப கப்பை அச்சு சுத்தற திசைக்கு எதிரா தள்ளிக்கிட்டே இருக்கும். இங்கிலீஷ் மரையில வலது பக்கத்தைத் தலைகீழா வச்சது அந்தத் தள்ளலே இறுக்கமா மாறட்டும்னுதான். நல்லா இறுக்கியும் கழலுற இத்தாலியன் ஷெல் எனக்கு ஒண்ணு இருந்துச்சு. கடைசியில மரைப்பசை போட்டுத்தான் அடங்குச்சு.

வழிப்போக்கன்

இடையில நுழையறதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட ரோட்டு சைக்கிள்லேருந்து கழட்டின ரெண்டு செயின்ரிங் கிராங்க் இருக்கு, 24 மி.மீ. அச்சு. அதை ட்ராக் ஃபிரேமுல போட முடியுமா?

மரைகழண்டவர்

முடியும். ரோட்டு கிராங்கோட செயின்லைன் 43.5-ன்னு போட்டிருப்பாங்க, அது ரெண்டு ரிங்குக்கும் நடுவுல உள்ள கோடு. உள் ரிங் சுமார் 41, வெளி ரிங் 46. அதனால ஒரே ரிங்கை உள்பக்கம் மாட்டுங்க, 42-க்கு ஒரு மில்லிதான் வித்தியாசம். போல்ட் ஒற்றை ரிங்குக்கு உரிய குட்டை போல்ட்டா இருக்கணும், பழைய நீளப் போல்ட் அடியில முட்டி ரிங் ஆடும். பெரிய ரிங்கை உள்பக்கம் வச்சா செயின்ஸ்டேயில (பின்சக்கரத்துக்குப் போற கீழ்க்குழாய்ல) உரசுதான்னு முதல்ல சுத்திப் பாருங்க. ட்ராக் செயின் அகலமானது, எட்டில் ஒரு அங்குலம். ரோட்டு ரிங் மெலிசு. அகலச் செயின் மெலிசு ரிங்குல ஓடும், மெலிசு செயின் அகல ரிங்குல ஏறாது.

புதுபெடல்

வந்துட்டேன். 107 ஐ.எஸ்.ஓ. மாட்டியாச்சு. வலது கப்பைக் கழட்டறப்ப அரைமில்லி அண்ணா சொன்ன மாதிரி நுனியை முன்சக்கரம் பக்கம் தள்ளினேன், மறுபேச்சு இல்லாம வந்துச்சு. ஷெல் மரையில பழைய பெயின்ட் ஒட்டியிருந்ததைப் பிரஷ் போட்டுத் தேய்ச்சு எடுத்தேன். சீட் ட்யூப் விளிம்பிலேருந்து 27.5. கூட்டினா 41.8! அண்ணா எழுதின எண் அப்படியே!! போல்ட் முகத்திலேருந்து அச்சு நுனி 2 மில்லி.

கிரீஸ் விஷயத்துல ரெண்டு பேரையும் திருப்திப்படுத்த தடவித் துடைச்சு, மறுபடி துடைச்சேன்.

ஒண்ணே ஒண்ணு புரியல. கிராங்கைச் சுத்தறப்ப செயின் ஒரு இடத்துல கம்பி மாதிரி விறைக்குது, எதிர்ப்பக்கம் வந்தா தொங்குது. கிராங்க் வளைஞ்சிருக்கா?

மரைகழண்டவர்

வளையல. ரிங் நடுவுல உட்காரல, அவ்வளவுதான். ரிங் ஓட்டைக்கும் போல்ட்டுக்கும் ஒரு மயிரிழை இடம் இருக்கும். அஞ்சு போல்ட்டையும் கையால திருகற அளவுக்கு லேசா தளர்த்துங்க. கிராங்கை மெல்லச் சுத்துங்க. செயின் விறைக்கற இடம் வந்ததும் நிறுத்தி, நடுச் செயின்ல ஸ்பேனர் பிடியால லேசா ஒரு தட்டு. ரிங் கண்ணுக்குத் தெரியாம நகரும். மறுபடி சுத்துங்க, மறுபடி விறைக்கற இடத்துல தட்டு. மூணு நாலு சுத்துல சமமாயிடும். அப்புறம் போல்ட்டை நட்சத்திரக் கோலம் போடற மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணா இறுக்குங்க. வரிசையா இறுக்கினா ரிங் திரும்ப ஒரு பக்கம் ஒதுங்கிடும். கடைசியா பின்வீலை வச்சு செயின் இறுக்கத்தைப் பாருங்க. ரொம்ப விறைப்பா வைக்காதீங்க, பாவம் அந்தப் புது பேரிங்.

புதுபெடல்

தட்டினேன். நாலாவது சுத்துல சரியாயிடுச்சு. பின்வீலைத் தூக்கிப் பெடலைச் சுத்தி விட்டா சத்தமே இல்ல, செயின் ஓடுதான்னு குனிஞ்சு பார்க்க வேண்டியிருக்கு.

இப்ப மேஜை டிராயர்ல ஒரு 107 ஜே.ஐ.எஸ். பி.பி. தூங்குது. பத்து நிமிஷம்கூட ஓடல. மரைகழண்டவர் அண்ணனோட வம்சத்துல நானும் சேர்ந்துட்டேன்.

இரவுச்சவாரி

இருங்க இருங்க. அந்த பி.பி. 68 இங்கிலீஷ் மரைதானே? என் கரகரக்கு அதே அளவுதான். யாருக்கும் குடுத்துடாதீங்க, தனிச்செய்தி அனுப்பறேன்.

புதுபெடல்

உங்களுக்குத்தான் அக்கா. போல்ட்டு ரெண்டையும் சேர்த்தே அனுப்பறேன். 40, மறந்துடாதீங்க.